ஓ.டி. பார்த்த கழுதையும் ஓடிப்போன முயலும்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று ஆரம்பித்தால் உங்களுக்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காட்டுக்குள் நுழைகிற யாருக்கும் முதலில் தெரிவது சிங்கம் இல்லை, குப்பை. சிங்கம் அந்தக் குப்பைக்குப் பின்னால் ஒரு குகையில், 'ஆணையர்' என்று பலகை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தது. ஆகவே, ஒரு காட்டில் குப்பை இருந்தது.

முன்பெல்லாம் அங்கே தின்றது போக மிஞ்சியது எலும்பும் கொட்டையும்தான். பிறகு கரடிக்குத் தேன் பாக்கெட்டில் வந்தது. குரங்குக்கு வாழைப்பழம் சிப்ஸாக வந்தது. மான்கூடப் புல்லை டப்பாவில் வாங்கித் தின்ன ஆரம்பித்தது. கேட்டால், அதில் சத்து அதிகமாம். தின்று முடித்துக் கவரை அங்கேயே போட்டுவிட்டு, 'இந்தக் காடு ஏன்தான் இப்படி நாறுதோ' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாரும் போனார்கள்.

நாற்றம் குகைக்குள் வந்த அன்றைக்குத்தான் சிங்கத்துக்கு மக்கள் நலம் ஞாபகம் வந்தது. துப்புரவுத் துறை என்று ஒன்றை ஆரம்பித்தது. ஒரு லாரி வாங்கினார்கள். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று பிரித்தார்கள். மூன்று ஓட்டுநர் பணியிடம் ஒதுக்கினார்கள். அதில் ஒன்று காலி. ஆனாலும் சார்ட்டில் காலிப் பணியிடத்துக்கும் வாரத்தில் இரண்டு நாள் டூட்டி போட்டார்கள். அது ஒரு நாள்கூட லேட்டாக வந்ததாகப் புகார் இல்லை.

மிச்சம் இருந்த இரண்டு ஓட்டுநர்களில் ஒருவன் அழகேசன் என்கிற கழுதை. காலை ஷிப்ட். இன்னொருவன் மின்னலரசு என்கிற முயல். மதிய ஷிப்ட்.

ஷிப்ட் போடுகிற பொறுப்பு நிதானமூர்த்தி என்கிற ஆமையிடம் இருந்தது. அவர்தான் மேற்பார்வையாளர். விளையாட்டு வீரர் ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கியதாகச் சான்றிதழ் வைத்திருந்தார். யாரோடு ஓடினார், எப்படி ஜெயித்தார் என்றெல்லாம் நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை. முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, டூட்டி சார்ட்டை அவர் முத்து முத்தாக எழுதுவார். திங்கட்கிழமை சார்ட்டை ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடுவார். அதை எடுத்துக்கொண்டு தன் அறையிலிருந்து அறிவிப்புப் பலகைவரை நடந்து போய் ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை ஆகிவிடும். அதனால் இன்றைக்கு யாருக்கு டூட்டி என்று அந்தக் காட்டில் யாருக்கும் இன்றைக்குத் தெரியாது. ஓட்டுநர் ஒருத்தன் காணாமல் போனால், மேற்பார்வையாளர் கண்ணில் யார் படுகிறானோ அவனுக்கு டூட்டி. இதுதான் நடைமுறை.

அழகேசனிடம் இரண்டு கெட்ட பழக்கம் இருந்தது. ஒன்று, ஷிப்ட் முடிந்ததும் லாரியைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவான். அதனால் எப்போதும் கண்ணில் படுவான். இரண்டு, கூப்பிட்டால் வருவான்.

மின்னலரசுக்கு அப்படிக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சரியாக மதியம் இரண்டு மணிக்கு வருவான். மேற்பார்வையாளருக்கு வணக்கம் வைப்பான். லாரியை ஓடை வளைவுவரை ஓட்டிக்கொண்டு போய், இறங்கி, டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே புதருக்குள் பாய்ந்து ஓடிவிடுவான். நிதானமூர்த்தி 'டேய், டேய்' என்று முதல் 'டேய்' சொல்லி இரண்டாவது 'டேய்' சொல்வதற்குள் முயல் மூன்று மேட்டைத் தாண்டியிருப்பான்.

உடனே கண்ணில் படுவது யார்? கையில் தண்ணீர்க் குழாயோடு அழகேசன்.

"அழகேசா, அந்தப் பய ஓடிட்டான்யா. மதிய ஷிப்டையும் நீயே பாத்துரு. ஓ.டி. போட்டுர்றேன்."

"சரிங்கய்யா."

ஓவர்டைம் என்று வாய் நிறையச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. ஓ.டி.தான். அந்தக் காட்டில் ஓ.டி.க்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆறு ஓ.டி. பார்த்தால் ஒரு நாள் ஈடுசெய் விடுப்பு.

வருகைப் பதிவேடு என்பது அலுவலக வாசலில் நின்ற புங்கமரத்தின் பட்டை. எழுத்தர் கொழுந்தம்மாள் ஒரு மரங்கொத்தி. நிதானமூர்த்தி சொல்லச் சொல்ல அவள் பட்டையில் கொத்தி எழுதுவாள். முயல் பேருக்கு நேரே, ஓடிவிட்டான் என்பதைச் சுருக்கி, 'ஓடி'. கழுதை பேருக்கு நேரே 'ஓ.டி.'. வித்தியாசம் என்னவோ இரண்டு கொத்துதான். ஆனால் அந்த இரண்டு கொத்தைக் கொழுந்தம்மாள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. டொக், டொக் என்று அவள் புள்ளி வைக்கிற சத்தம் கேட்டால், லாரியில் உட்கார்ந்திருக்கிற அழகேசனுக்கு மனசு நிறைந்துவிடும். இன்னும் ஒன்று சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு கியரைப் போடுவான்.

அவன் சேர்த்தது ஒரு காதுகுத்துக்காக.

ஆற்றுக்கு அக்கரையில் அவனுடைய தங்கை பவளக்கொடி இருந்தாள். அவளுக்கு ஒரு பெண் குட்டி. பேர் தேன்மொழி. குரலைக் கேட்பதற்கு முன்னாலேயே பேர் வைத்துவிட்டார்கள், பாவம். அந்தக் குட்டியைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அழகேசனை விட்டால் வேறு தாய்மாமன் கிடையாது. அவனுக்கும் அந்தத் தங்கையை விட்டால் வேறு யாரும் கிடையாது. சித்திரையில் தேதி வைத்தார்கள், முயல் ஓடிவிட்டான். ஆனியில் வைத்தார்கள், முயல் மறுபடி ஓடிவிட்டான். இப்போது ஆவணியில், ஒரு வியாழக்கிழமைக்கு வைத்திருந்தார்கள்.

"அண்ணே, உன் மருமக காதை வந்து பாரு. எம்புட்டுப் பெருசா வளந்து நிக்குதுன்னு. இன்னும் தள்ளிப்போட்டா ஊசி பத்தாது, கடப்பாரைதான் வேணும்" என்று போனில் அழுதாள் பவளக்கொடி.

"இந்தத் தடவ வந்துருவேன் தாயி. பத்தொம்பது ஓ.டி. வச்சிருக்கேன். மூணு நாள் லீவு வருது. எனக்கு ரெண்டு போதும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இந்தச் சமயம் பார்த்துத்தான் துறை நவீனமானது.

ஒரு நாள் காலையில் புங்கமரத்துக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு வருகைக் கருவியைக் கொண்டுவந்து நட்டார்கள். இனிமேல் பட்டை கிடையாது. காலை வைத்தால் அதுவே ஆளைக் கண்டுபிடித்துவிடும் என்றார்கள். முயலின் பாதத்தைத் தொட்ட உடனே கண்டுபிடித்து 'வணக்கம் மின்னலரசு' என்றது. அழகேசன் குளம்பை வைத்தபோது, 'ரேகை தெளிவாக இல்லை. கால்களைக் கழுவிவிட்டு வரவும்' என்றது. இருபது வருஷமாகக் குப்பையில் நின்ற குளம்பில் ரேகை எங்கே இருக்கும்? அவன் ஏழு தடவை கழுவினான். எட்டாவது தடவை அது சலித்துப்போய் ஒத்துக்கொண்டது.

பட்டையில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் கருவியில் ஏற்றுகிற வேலை கொழுந்தம்மாளுக்கு. அவள் அலகால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். 'ஓ' போனது. புள்ளி வைத்ததும் கருவி 'ட்டொய்ங்' என்று கத்தியது. 'சிறப்புக் குறிகள் ஏற்கப்படா' என்று திரையில் வந்தது.

அவள் நிதானமூர்த்தியிடம் போனாள். "ஐயா, புள்ளி வாங்க மாட்டேங்குது."

"புள்ளிதானே? விட்டுரும்மா."

"புள்ளி போனா அர்த்தம் போயிடுமேங்கய்யா."

"மெய்யெழுத்துல புள்ளி போனா என்ன ஆகும்? உயிர் வரும். இலக்கணமே அதுதான். நீ தாராளமா எடு" என்றார் நிதானமூர்த்தி. இலக்கணம் தெரிந்த அதிகாரியை எதிர்த்து எழுத்தர் என்ன பேச முடியும்? புள்ளி இல்லாமலே எல்லாவற்றையும் ஏற்றினாள்.

அழகேசன் விடுப்பு விண்ணப்பத்தை மூன்று நகல் எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்று, கருவியிடம் நீட்டினான். புதன், வியாழன் இரண்டு நாள். ஒரு நாள் நடந்து போக. மறுநாள் காது குத்தி முடித்துத் திரும்பி வர. காரணம் என்ற கட்டத்தில் 'தாய்மாமன்' என்று எழுதியிருந்தான்.

கருவி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரு சீட்டைத் துப்பியது.

'அழகேசன். ஓ.டி. இருப்பு: இல்லை. ஓடிய நாட்கள்: பத்தொன்பது. விடுப்பு மறுக்கப்படுகிறது. திங்கட்கிழமை காலை ஆணையர் முன் விசாரணைக்கு ஆஜராகவும்.'

'ஓ.டி. இருப்பு' என்று அச்சடிக்க மட்டும் அதனிடம் புள்ளி இருந்ததைக் கவனித்தீர்களா? அது கொடுக்கும்போது வைக்கிற புள்ளி. வாங்கும்போதுதான் வாங்காது.

"யக்கா, என்னக்கா இது?" என்று அழகேசன் சீட்டைக் காட்டினான்.

கொழுந்தம்மாள் படித்துப் பார்த்தாள். "ஐயோ தம்பி" என்று சொல்லிவிட்டு மரத்துக்கு மறுபக்கம் பறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை குகை வாசலில் அழகேசன் விடிந்த உடனே போய் நின்றான். முயலுக்கும் சீட்டு வந்திருந்தது. அவனுக்கும் பத்தொன்பது 'ஓடி'. கருவிக்கு இரண்டும் ஒன்றுதானே! முயல் பத்து மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது தாவி வந்து, கழுதையின் காலிடுக்கில் புகுந்து முன்னால் போய் நின்றுகொண்டான்.

"ரெண்டு பேரும் பத்தொம்போது தடவை ஓடியிருக்கீங்க. என்ன சொல்றீங்க?" என்று சிங்கம் உறுமியது.

முயல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஐயா, நான் ஓடலைங்கய்யா. அது ஓ.டி.ங்கய்யா. புதுக் கருவி புள்ளியை வாங்கலை. ஒரு உழைப்பாளியோட வியர்வையெல்லாம் ரெண்டு புள்ளியோட போச்சுங்கய்யா."

அழகேசன் ராத்தூக்கம் இல்லாமல் உருப்போட்டு வைத்திருந்த வார்த்தை ஒவ்வொன்றும் முயல் வாயிலிருந்து வந்தது, அதுவும் அவனைவிட அழகாக.

"நீ என்னப்பா சொல்றே?"

"ஐயா, அது... எனக்கும் அதேதாங்கய்யா. ஓ.டி.தான். புள்ளி..."

"அவன் சொன்னதையே சொல்றியே? சொந்தமா ஒரு பொய்கூடச் சொல்ல வராதா?" என்றது சிங்கம். "ரெண்டு பேரும் ஓ.டி.ன்னா அப்ப ஓடினது யாரு? ஒருத்தன் ஓடினாத்தானே இன்னொருத்தனுக்கு ஓ.டி.? ஓ.டி. யாருன்னு தெரிஞ்சுபோச்சு. முதல்ல சொன்னவன். மிச்சம் இருக்கிறது நீ."

தர்க்கம் என்றால் இப்படி இருக்க வேண்டும். குகையில் இருந்த அதிகாரிகள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

"ஐயா, பட்டை இருக்குங்கய்யா! புங்கமரத்துப் பட்டையைப் பாருங்க. யக்கா புள்ளி வச்சு எழுதியிருக்கு" என்று கத்தினான் அழகேசன்.

சிங்கம் நியாயஸ்தன். சாட்சியம் என்று வந்தால் பார்க்காமல் விடாது. பட்டையை உரித்துக் கொண்டுவரச் சொன்னது. கொண்டுவந்தார்கள். பழைய பதிவேடு இனித் தேவையில்லை என்று கவனிப்பாரற்று விட்டதில் பட்டையில் கரையான் ஏறியிருந்தது. மேலிருந்து கீழ்வரை ஓட்டை. முயல் பேருக்கு நேரே இருந்த 'ஓடி'யிலும் ஓட்டை. கழுதை பேருக்கு நேரே இருந்த 'ஓ.டி.'யிலும் ஓட்டை. காலிப் பணியிடத்துக்கு நேரேகூட ஏழெட்டுப் புள்ளி இருந்தது. இவ்வளவு பாரபட்சம் இல்லாமல் புள்ளி வைத்த எழுத்தர் அந்தத் துறையில் கரையான் ஒன்றுதான்.

"புள்ளி இருக்குங்கய்யா, பாருங்க!" என்று முயல் தன் பேரைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டான்.

சிங்கம் ஆமையைப் பார்த்தது. "மேற்பார்வையாளர் நீங்க. யார் ஓடினாங்கன்னு நேர்ல பார்த்தவரு. சொல்லுங்க."

நிதானமூர்த்தி கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோசித்தார். முயல் ஓடினான் என்றால், பத்தொன்பது நாள் ஏன் பிடிக்கவில்லை என்று கேள்வி வரும். ஓட்டப் பந்தயச் சான்றிதழை வேறு எடுத்துப் பார்ப்பார்கள். "ஐயா, நான் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள ரெண்டு பேருமே இருக்க மாட்டாங்க" என்றார் உள்ளிருந்தபடியே. அது பொய்யும் இல்லை.

சிங்கம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தது. முயல் தளதளவென்று இருந்தான். ரோமம் மினுமினுத்தது. கழுதைக்கு விலா எலும்பு தெரிந்தது, முட்டி வீங்கியிருந்தது, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கியது.

"மூச்சு வாங்குதே! ஓடினவனுக்குத்தான்யா மூச்சு வாங்கும்" என்றது சிங்கம். "விசாரணை முடிஞ்சுது."

தீர்ப்பு இதுதான். பத்தொன்பது ஓ.டி. பார்த்து உடம்பு தேய்ந்த மின்னலரசுக்குப் புதன், வியாழன் இரண்டு நாள் ஈடுசெய் விடுப்பு. ஓடிய அழகேசன் அந்த இரண்டு நாளும் இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தண்டனை என்பதால் அதற்கு ஓ.டி. கிடையாது.

புதன்கிழமை காலையில் அழகேசன் வழக்கம்போல லாரி நிறுத்தத்துக்கு வந்தான். ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போடப்போகும்போது போன் அடித்தது.

"கிளம்பிட்டியாண்ணே?"

"தாயி..." என்று இழுத்தான் அழகேசன்.

"புரிஞ்சுபோச்சு" என்றாள் பவளக்கொடி. கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. "நாளைக்கு விட்டா காது குத்துற முள்ளம்பன்றிக்குத் தை மாசம்தான் தேதி இருக்காம். அதுக்குத்தான் ஊசி கைவசமே இருக்கு, கிராக்கி பண்ணுது. உன் மச்சான் ஒரு யோசனை சொல்றாருண்ணே. ஆத்தங்கரையில ஒரு பாறை இருக்குல்ல, உக்காந்தா மடி மாதிரி இருக்கும். அதுல உக்கார வச்சுக் குத்திரலாமாம். உன் துண்டு ஒண்ணு இங்க கெடக்கு. அதைப் பாறை மேல போத்திடுறோம். நீ மனசு சங்கடப்படாத."

போனை வைத்த பிறகு அழகேசன் சாவியைப் போடவில்லை. தன் மருமகள் ஒரு பாறையை மாமா என்று நினைத்துக்கொண்டு வளரப் போகிறாள். இருபது வருஷத்தில் இந்தக் காடு போட்ட எந்தக் கவரையும் அவன் தாண்டிப் போனதில்லை. குனிந்து எடுத்திருக்கிறான். ஒரு ஷிப்டைக்கூடப் பாதியில் விட்டதில்லை. பதிவேட்டில் என்ன இருக்கிறது? ஓடி, ஓடி, ஓடி.

அப்போது அவன் மண்டையில் ஒரு யோசனை உதித்தது. அவன் வாழ்க்கையிலேயே அது முதல் யோசனை என்றுகூடச் சொல்லலாம். 'ஓடினவன்னு ஆணையரே தீர்ப்புச் சொல்லியாச்சு. ஓடாம அந்தப் பேரை வச்சிருக்கிறது துறையை ஏமாத்துறது இல்லையா?'

நேர்மையானவன் ஆயிற்றே, அந்த எண்ணத்தைத் தாங்க முடியவில்லை. இறங்கினான். சாவியை அறிவிப்புப் பலகை ஆணியில் மாட்டினான். போன வாரத்துச் சார்ட்டை ஒட்டுவதற்காக அப்போதுதான் நிதானமூர்த்தி பலகைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

"அழகேசா, எங்க?"

"ஓடுறேங்கய்யா" என்றான் அழகேசன். ஓடினான்.

கழுதை ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முட்டி ஒரு பக்கம், காது ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று ஓடினான். ஆற்றில் இறங்கி ஏறினான். மாலை வெயில் சாய்வதற்குள் தங்கை வீட்டு வாசலில் போய் விழுந்தான்.

வியாழக்கிழமை காலையில் தேன்மொழி மாமன் மடியில் உட்கார்ந்தாள். கனமான குட்டி, முட்டி விண்ணென்று வலித்தது. அழகேசன் அசையவில்லை. முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளை உருவி, ஊதித் துடைத்து, நறுக்கென்று குத்தியது. தேன்மொழி போட்ட சத்தத்தில் அக்கரை இக்கரை இரண்டிலும் பறவைகள் எழுந்து பறந்தன. மாமன் காதை அவள் கடித்துவிட்டாள். "கடிச்சுக்கோ தாயி, நல்லாக் கடிச்சுக்கோ" என்று அழகேசன் அழுதான். பவளக்கொடி ஆத்தங்கரையில் காலியாகக் கிடந்த பாறையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அவளும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் திரும்பி வந்தான். லாரி நிறுத்தம் முழுக்கக் குப்பை மலையாக நின்றது. அதன் உச்சியில் தோரணம் கட்டியிருந்தது. புங்கமரத்தடியில் மேடை. நிதானமூர்த்தி கையில் சாமந்தி மாலை.

"என்னக்கா, யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

"உனக்குத்தான் தம்பி பாராட்டு விழா" என்று கொழுந்தம்மாள் காதோடு சொன்னாள்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மதியம் மேல்மலைக் காட்டிலிருந்து யானை ஒன்று முன்னறிவிப்பு இல்லாமல் ஆய்வுக்கு வந்துவிட்டது. தும்பிக்கை நீளம், அதனால் நாற்றமும் அதற்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு நாளாகக் குப்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுக் கருவியைத் தட்டிப் பார்த்தது. 'புதன் காலை: அழகேசன், ஓடி. புதன் மதியம்: அழகேசன், ஓடி. வியாழன் காலை: ஓடி. வியாழன் மதியம்: ஓடி.'

"என்னய்யா ஆணையரே, ஓட்டுநர் ஓடிட்டானா?" என்று யானை பிளிறியது.

சிங்கத்துக்குப் பிடரி வேர்த்துவிட்டது. ஓட்டுநர் ஓடினால் ஆணையருக்குத்தான் மெமோ. சட்டென்று முயல் சொன்னது ஞாபகம் வந்தது. "ஓடியா? ஐயய்யோ, அது ஓ.டி.ங்கய்யா! இந்தக் கருவி புள்ளி வாங்காது. ரெண்டே நாள்ல நாலு ஓ.டி. பார்த்திருக்கான் எங்க ஆளு."

"நாலு ஓ.டி. பார்த்துமா இவ்வளவு குப்பை?"

"குப்பை இவ்வளவு இருக்கப்போய்த்தானேங்கய்யா ஓ.டி.!"

யானைக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. அப்படிப்பட்ட உழைப்பாளியை நேரில் பாராட்ட வேண்டும் என்று தங்கிவிட்டது. அன்றைக்கே சுற்றறிக்கையும் தயாரானது. அதைத்தான் இப்போது சிங்கம் மேடையில் படித்தது:

"வருகைக் கருவியில் 'ஓடி' எனப் பதிவாகும் இடங்களில் எல்லாம் அதனை 'ஓ.டி.' எனப் பொருள்கொள்ள வேண்டும் என இதனால் ஆணையிடப்படுகிறது. இவ்வாணை கடந்த புதன்கிழமை முதல் அமலுக்கு வரும். அதற்கு முந்தைய ஓட்டங்களுக்கு இது பொருந்தாது."

கைத்தட்டல். மாலை கழுத்தில் விழுந்தது. 'காட்டின் தலைசிறந்த ஓ.டி. ஓட்டுநர்' என்று ஒரு கேடயத்தை யானை அவன் குளம்பில் வைத்தது.

அழகேசனுக்கு மனசு கேட்கவில்லை. நிதானமூர்த்தியிடம் குனிந்து, "ஐயா, உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். இந்த ரெண்டு நாளும் நான் நெசமாவே ஓடிங்கய்யா" என்றான்.

"தெரியும்யா. ஓ.டி.ங்கய்யா, ஓ.டி.ங்கய்யான்னு எத்தனை தடவ சொல்லுவே? அதுக்குத்தானே மாலை" என்றார் நிதானமூர்த்தி.

"அப்ப அந்தப் பத்தொம்போது?"

"அது பழசுய்யா. அது ஓட்டம். அதுக்கு விளக்கக் கடிதம் இன்னும் நீ குடுக்கலை. விழா முடிஞ்சதும் ஞாபகமாக் குடுத்துரு."

அழகேசன் கேடயத்தைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் முயல் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அடச்சே, அந்த ரெண்டு நாள் லீவு போட்டு வீணாக்கிட்டேனே! வேலைக்கு வந்து ஓடியிருந்தா எனக்கும் ஓ.டி. ஆயிருக்குமே!" என்று பக்கத்தில் இருந்த மானிடம் அங்கலாய்த்துக்கொண்டிருந்தான். அவன் வருத்தம் மட்டும்தான் அந்த விழாவில் நிஜமானது.

பத்தொன்பது நாளும் டொக், டொக் என்று விழுந்த புள்ளிச் சத்தம் அழகேசனுக்குக் காதில் கேட்டது. கடிபட்ட காது அது, இன்னும் எரிந்தது. மாலையில் இருந்து ஒரு சாமந்தியைப் பிய்த்து மென்றான். விளக்கக் கடிதம் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை சரியான நேரத்துக்கு அழகேசன் வேலைக்கு வந்தான். ஏழு தடவை குளம்பு கழுவி, எட்டாவது தடவை கருவியில் வைத்தான். நிதானமூர்த்திக்கு வணக்கம் வைத்தான். லாரி டயரை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு அக்கரையைப் பார்த்து ஓடினான். மதியம் முயல் வந்து இன்னொரு பக்கம் ஓடினான். அந்த மாதத்தில் அந்தக் காட்டில் பதிவான ஓ.டி.யைப் போல அதற்கு முன் எப்போதும் பதிவானதில்லை என்று மேல்மலையிலிருந்து சிங்கத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கடிதத்தைக் குகைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் கஷ்டப்பட்டார்கள், குப்பை வாசலை மூடியிருந்தது. லாரியில் ஒரு மைனா கூடு கட்டிவிட்டது. ஒழுங்காக ஓடாமல் இருந்தது காலிப் பணியிடம் ஒன்றுதான். அதனால் அதற்கு மட்டும் ஓ.டி. கிடைக்கவில்லை.

தேன்மொழிக்கு இப்போது இரண்டு காதிலும் தோடு ஆடுகிறது. மாமன் வாரம் தவறாமல் வருகிறார்.

நீதி: நீ பார்த்த வேலை எங்கும் போய்விடாது, அடுத்த ஷிப்ட்காரன் பேரில் பத்திரமாக இருக்கும். உன் பேரிலும் ஏதாவது ஏற வேண்டுமென்றால், ஓடு.